ஏற்காட்டுக் காப்பியும் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட மலையும்

கோடை விடுமுறையிலும் பெருநாளை ஒட்டிய நாட்களிலும் குடும்பத்தோடு ஏற்காடு சென்று வராத முஸ்லிம் வீடுகள் சேலம் வட்டாரத்தில் மிகக் குறைவு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏரிக்கரையை அடைகிறோம். படகில் சுற்றுகிறோம், லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் நகரத்தின் விளக்குகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம், மறுநாள் காலைப் பசியாறிவிட்டுக் காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்தக் காப்பித்தூள் பொட்டலத்திற்குப் பின்னால் ஐந்து நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கம் யமன் நாட்டில் நம் முன்னோர்களான இறைநேசர்களின் இரவு வணக்கத்தோடு தொடர்புடையது. அதன் பிற்பகுதியோ, ஒரு மலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோடு தொடர்புடையது. இந்தக் கேள்வியை நம் ஃபிக்ஹு நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்து வந்திருக்கின்றன. மதரஸாவில் அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் நமக்கு அரபு நாட்டுப் பாலைவனத்தைவிடச் சேர்வராயன் மலையே உதாரணமாக நினைவுக்கு வருகிறது. அது ஏன் என்பதையே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

யமனிலிருந்து ஜாவா வரை

காப்பிச் செடியின் பூர்வீகம் எத்தியோப்பிய மலைக்காடுகள். ஆனால் அதைப் பானமாகக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் 15ஆம் நூற்றாண்டில் யமனில் வாழ்ந்த சூஃபிகள் என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. இரவு நெடுநேரம் திக்ரில் விழித்திருக்க அது உதவியது. அவர்கள் அதைக் ‘கஹ்வா’ என்றார்கள். அந்தச் சொல்தான் துருக்கியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பல வடிவங்கள் எடுத்து, நமக்குக் ‘காப்பி’ என்று திரும்பி வந்தது.

புதிய பானம் சச்சரவு இல்லாமல் நுழைந்துவிடவில்லை. 1511ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 917இல், மக்காவில் மம்லூக் ஆட்சியின் அதிகாரியாக இருந்த காயிர் பேக், இரவில் பள்ளிவாசலுக்கு அருகே சிலர் கூடி இதைப் பருகுவதைக் கண்டார். அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி, காப்பியைத் தடை செய்தார். ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. இந்தச் சம்பவத்தையும், காப்பி ஆகுமானதா என்ற நீண்ட விவாதத்தையும் அல்ஜஸீரீ என்ற அறிஞர் அதே நூற்றாண்டின் நடுவில் தனி நூலாகவே எழுதி வைத்தார். இன்று நம் மஹல்லாக்களில் ஏதேனும் புதிய பொருளைப் பற்றி எழும் சூடான தர்க்கங்களைக் கேட்கும்போது, காப்பிக்கும் ஒரு காலத்தில் இந்தக் கதி நேர்ந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுவோம். சிரித்துவிட்டு யோசிப்பார்கள்.

யமனின் மோக்கா துறைமுகம் காப்பி வணிகத்தின் வாயிலாக நீண்டகாலம் விளங்கியது. முளைக்கும் விதை வெளியே போய்விடாதபடி காவல் இருந்ததாகச் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாபா புடன் (ரஹ்) என்ற பெரியார், ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து, இன்றைய கர்நாடகத்தின் சிக்மகளூர் அருகே உள்ள மலையில் ஊன்றினார் என்பது செவிவழியாக வந்த வரலாறு. அந்த மலைத்தொடர் இன்றும் அவர் பெயராலேயே பாபாபுடன்கிரி என்று வழங்குகிறது. ஏழு என்ற எண்ணுக்கு ஆவணம் கேட்டுப் பயனில்லை. இந்திய மண்ணில் காப்பி வேரூன்றியது ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வருவதற்கு மிகவும் முன்பே என்பது மட்டும் உறுதி.

இங்கிருந்து அது ஜாவாவுக்குச் சென்ற செய்தி பலருக்குத் தெரியாது. 1696ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் மலபார் கரையிலிருந்து காப்பிக் கன்றுகளை ஜாவாவுக்குக் கொண்டு போனார்கள். அவை பிழைக்கவில்லை. 1699இல் மீண்டும் கொண்டு போனார்கள், இம்முறை பிழைத்தன. ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்திற்குப் போன செடியின் வழித்தோன்றல்களே பிறகு அமெரிக்கக் கண்டம் வரை பரவின. இன்று உலகம் குடிக்கும் அரபிகா காப்பியில் பெரும்பகுதியின் பூர்வீகம் நம் மலபார் கரை வழியாகப் போனது என்றால் மிகையில்லை.

ஆனால் ஜாவாவில் காப்பியோடு வேறொன்றும் பரவியது. மேற்கு ஜாவாவின் பிரியாங்கன் மலைப்பகுதியில் வாழ்ந்த சுண்டா இன மக்கள் முஸ்லிம் விவசாயிகள். வயலில் நெல், மேட்டில் காய்கறி என்று வாழ்ந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் டச்சு கம்பெனி, உள்ளூர்ச் சிற்றரசர்கள் மூலம், ஒவ்வொரு குடும்பமும் காப்பிச் செடி நட்டுப் பராமரித்து விளைச்சலை ஒப்படைக்க வேண்டும் என்று ஏற்படுத்தியது. விலையை வாங்குபவரே நிர்ணயிப்பார். வேறு யாருக்கும் விற்கக் கூடாது. 1830இல் டச்சு அரசு இந்த வழியை ஜாவா முழுவதற்கும் விரித்தது. கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் அரசுக்காக ஏற்றுமதிப் பயிர் என்பது ஏட்டிலிருந்த விதி. நடைமுறையில் பல இடங்களில் அதைவிட அதிகமாகவே பிடுங்கப்பட்டது.

1870இல் அந்த முறை தளர்ந்து, தனியார் தோட்டங்களுக்கு வழி திறந்தபோது, டச்சு அரசு இன்னொரு விதியைக் கொண்டுவந்தது. தனக்குச் சொந்தம் என்று எவராலும் ஆவணத்தால் நிரூபிக்கப்படாத நிலம் அனைத்தும் அரசின் நிலம் என்பதே அது. அப்படி அரசுடைமையான நிலத்தை 75 ஆண்டுக் குத்தகைக்குத் தோட்ட முதலாளிகளுக்குக் கொடுத்தது. தலைமுறைகளாக விறகெடுத்த காட்டையும் மாடு மேய்த்த மேட்டையும் நிரூபிக்கக் கிராமத்தாரிடம் எந்தக் காகிதமும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் ஆட்சியில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. சுற்றியிருந்த கிராமத்தார் உள்ளே போய் நெல்லும் மரவள்ளியும் பயிரிட்டார்கள். சுதந்திர இந்தோனேசியா 1960இல் புதிய நிலச் சட்டம் இயற்றி, டச்சு விதியை நீக்கியது. ஆயினும் தோட்ட எல்லையில் யார் நிலம் எதுவரை என்ற வழக்கு ஜாவாக் கிராமங்களில் இன்றும் முடிந்தபாடில்லை.

சேர்வராயன் மலைக்கு

இந்தக் கதையைத் தூரத்து நாட்டுக் கதையாக நாம் கேட்டுவிட்டுப் போக முடியாது. ஏறத்தாழ அதே கதை சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில் நடந்திருக்கிறது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் (ரஹ்) தம் ஆட்சிப் பகுதியில் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது, பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. சேர்வராயன் மலையும் அவற்றோடு போனது. கம்பெனியின் அதிகாரிகள் சமவெளியை அளந்து வரி விதிப்பதில் முதலில் கவனம் செலுத்தினார்கள். மலையின் குளிர் அவர்களை ஈர்த்தது பிறகுதான். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். அவர் அமைத்த கிரேஞ்ச் தோட்டம் இன்றும் அங்கே பேசப்படுகிறது. ‘ஏற்காட்டின் தந்தை’ என்று சுற்றுலாக் குறிப்புகள் அவரைப் புகழ்கின்றன. அந்தப் பட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சிறு உறுத்தல் உண்டு. அவர் ஏறிப் போனது ஆளில்லாத மலைக்கு அல்ல.

அங்கே இருந்தவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பெயரின் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியினர் தாங்கள் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் அந்தக் கிளைகள் பரவியதாகச் சொல்வார்கள். சேர்வராயன் மலையைச் சேலநாடு, முட்டநாடு, மொகநாடு என்று பகுத்து, நாட்டுக்கு ஒரு தலைவர், ஊருக்கு ஒரு மூப்பன் என்று தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். மலையுச்சிக் குகையில் உள்ள அவர்களின் கோயிலுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் மலைமக்கள் திரளாகக் கூடுகிறார்கள். அவர்களுடைய வழிபாடு வேறு, நம் மார்க்கம் வேறு. ஆனால் நில நீதியைப் பேசும் இடத்தில் அந்த வேறுபாட்டிற்கு வேலையில்லை.

அவர்களுடைய விவசாயத்தில் இரண்டு வகை நிலம் இருந்தது. ஏர் ஓட்டக்கூடிய நிலம் உழவுக்காடு. சரிவில் ஏர் நிற்காத இடத்தில் மண்வெட்டியால் கொத்திப் பயிரிடுவது கொத்துக்காடு. சாமை, கேழ்வரகு, தினை, மொச்சை ஆகியவை பயிர்கள். கொத்துக்காட்டில் சில போகம் எடுத்த பிறகு மண் களைத்துவிடும். அதைப் பல ஆண்டுகள் ஆறப்போட்டுவிட்டு வேறு சரிவுக்குப் போவார்கள். ஆறப்போட்ட இடத்தில் புதர் மண்டும், ஆடு மேயும், விறகு கிடைக்கும், தேன் கிடைக்கும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அங்கே திரும்பி வருவார்கள். அந்த ஊரைச் சேர்ந்த சிறுவனுக்கும் எது யாருடைய கொத்துக்காடு என்று தெரியும்.

கலெக்டர் அலுவலகத்தின் ஏட்டுக்கு அது தெரியாது. அந்த ஏட்டில் பயிரிட்ட நிலம் ஒன்று, தரிசு ஒன்று. புதர் மண்டிய சரிவு தரிசு என்று எழுதப்பட்டது. 1861இல் கவர்னர் ஜெனரல் கேனிங் காலத்தில் தரிசு நிலங்களை விலைக்குக் கொடுப்பதற்கான தீர்மானம் வந்தது. 1863இல், அப்படி விற்கப்படும் தரிசின் மீது யாருக்கேனும் பாத்தியதை இருந்தால் அதைக் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் கோர வேண்டும் என்று சட்டம் வந்தது. எழுத்தறிவில்லாத ஒரு மலைவாசிக்கு அறிவிப்பு எந்த மொழியில், எந்தச் சுவரில் எட்டியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மிஞ்சிய காட்டில் பெரும்பகுதியை ஒதுக்குக் காடாக்கியது. ஒரு பக்கம் தோட்டத்தின் வேலி, மறுபக்கம் வனத்துறையின் எல்லைக்கல். நடுவில் மலையாளி ஊர்.

ஃபிக்ஹு நூல்கள் என்ன சொல்கின்றன?

‘இஹ்யாவுல் மவாத்’, அதாவது உயிரற்ற நிலத்தை உயிர்ப்பித்தல், என்பது ஃபிக்ஹு நூல்களில் தனி அத்தியாயம். யாருக்கும் சொந்தமில்லாத தரிசைப் பண்படுத்தியவருக்கே அது உரியது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. இதை மட்டும் எடுத்துக்கொண்டால் காப்பித் தோட்டக்காரரின் வாதம் வலுப்பெற்றுவிடும்: புதரை வெட்டினேன், செடி நட்டேன், நிலம் எனது. ஆனால் அதே அறிவிப்பின் தொடர்ச்சியில், பிறர் நிலத்தில் அநியாயமாக ஊன்றப்பட்ட வேருக்கு எந்த உரிமையும் இல்லை என்றும் வருகிறது. அப்படியானால் எது உயிரற்ற நிலம்? மொத்த வழக்கும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆட்சியாளரின் அனுமதி இல்லாமல் உரிமை ஏற்படாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரும், நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் அனுமதி தேவையில்லை என்கிறார்கள். ஆனால் ஒன்றில் அனைவரும் ஒத்துப்போகிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலம், விறகுக் காடு, களம், கிணற்றைச் சுற்றிய இடம், வழிப்பாதை ஆகியவை ‘ஹரீம்’. அவை உழப்படாமல் கிடந்தாலும் உயிரற்ற நிலம் அல்ல, ஊராரின் பயன்பாட்டிற்குரியவை. அவற்றை யாரும் உயிர்ப்பிக்கிறேன் என்று வளைக்க முடியாது; ஆட்சியாளரும் எடுத்துக் கொடுக்க முடியாது.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் இதற்கு ஓர் எளிய அளவையும் சொன்னார்கள். ஊரின் கடைசி எல்லையில் ஒருவர் நின்று உரத்த குரலில் கூப்பிட்டால் அந்தக் குரல் எட்டாத தூரத்தில் இருப்பதே உயிரற்ற நிலம். கூப்பிட்டால் கேட்கும் தூரம் ஊருக்குரியது. மாணவர்களுடன் ஏற்காட்டுக்குப் போயிருந்தபோது ஒரு மலையாளிச் சிற்றூரின் ஓரத்தில் இந்த மஸ்அலாவை நாம் எடுத்துச் சொன்னோம். உடனே ஒரு மாணவன் எதிர்ச் சரிவைப் பார்த்துக் கத்தினான். அங்கே காப்பி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மலையில் குரல் வெகுதூரம் போகும்.

கைவிடப்பட்ட நிலத்தைப் பற்றியும் ஒரு விவாதம் உண்டு. ஒருவர் பண்படுத்திய நிலம் பிறகு பாழாகி முன்போல் ஆகிவிட்டால், இன்னொருவர் அதை உயிர்ப்பிக்கலாம் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் பக்கத்தில் சொல்லப்படுகிறது. மற்றவர்கள் முதல் உரிமையாளரின் உரிமை நீங்காது என்கிறார்கள். ஆறப்போட்ட கொத்துக்காடு இதில் எதில் சேரும்? திரும்பி வரும் எண்ணத்தோடு மண்ணுக்கு ஓய்வு கொடுப்பதைக் கைவிடுவது என்று சொல்ல முடியாது என்பதே நம் கருத்து. நெல் வயலைக் கோடையில் சும்மா போட்டவரை வயலைக் கைவிட்டவர் என்று யாரும் சொல்வதில்லையே.

அதே அத்தியாயத்தில் இன்னொரு விதியும் உண்டு. கல் நட்டு எல்லை மட்டும் வளைத்துவிட்டு நிலத்தைப் பண்படுத்தாமல் வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உரிமையில்லை என்று உமர் (ரலி) அவர்கள் நடைமுறைப்படுத்தினார்கள். அரசு காட்டை ஒதுக்குவதையும் மார்க்கம் முற்றாக மறுக்கவில்லை. ‘ஹிமா’ என்ற பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் அக்காலத்தில் இருந்தது. ஆனால் ஹிமாவின் பொறுப்பாளருக்கு உமர் (ரலி) அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டும் உள்ள ஏழையை உள்ளே விடும்படியும், பெரும் செல்வர்களான நபித்தோழர்களின் மந்தைகளுக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்றும் சொன்னார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் விளைநிலமும் இருக்கிறது. ஏழையின் ஆடு அழிந்தால் அவன் பிள்ளைகளோடு தம் வாசலில் வந்து நிற்பான் என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். 1882இன் வனச் சட்டத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, உள்ளே விடப்பட்டவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பது தலைகீழாகத் தெரிகிறது.

செடியும் உழைப்பும்

காப்பி பொறுமையைக் கேட்கும் பயிர். நட்ட மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே காய்க்கும். நிழல் வேண்டும், அதனால்தான் ஏற்காட்டில் தோட்டம் என்றால் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் கண்ணில் படுகின்றன. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் சில நாட்களில் தோட்டம் முழுதும் மல்லிகை போல் வெள்ளையாகப் பூத்து மணக்கும். அந்த மழை தவறினால் அந்த ஆண்டின் விளைச்சலே தவறும். பறிப்பு பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் தேர்ந்து பறிக்க, ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். பறித்த பழத்தின் தோலை அன்றே நீக்கி, ஓரிரு நாட்கள் ஊறவைத்து, கொழகொழப்பைக் கழுவிக் களத்தில் காயவைப்பார்கள். சுமார் ஆறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ காப்பிக்கொட்டை கிடைக்கும். குனிந்த முதுகோடு அந்த ஆறு கிலோவைப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

தொடக்ககாலத்துத் தோட்டக்காரர்களுக்கு இருந்த பெரிய கவலை ஆள் கிடைப்பதுதான். தம் சாமைக் காட்டை நம்பி வாழ முடிந்த மலைவாசி, பிறர் தோட்டத்தில் ஆண்டு முழுதும் கூலிக்கு நிற்க விரும்பமாட்டார். எனவே சமவெளியிலிருந்து கங்காணிகள் மூலம், முன்பணம் கொடுத்து, ஏழைக் குடும்பங்களைத் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு ஏற்றினார்கள். அதே கங்காணி முறைதான் நம் தமிழ் மக்களை இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றது. முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் அது வெறும் கடன் பாக்கி அல்ல, குற்றம். 1859ஆம் ஆண்டின் சட்டம் அவரைச் சிறைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுத்தது. 1903இல் சென்னை மாகாணம் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 1920களில்தான் இவை நீக்கப்பட்டன. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி ஏவப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்த நமக்கு, கூலி கொடுப்பவர் அல்லாமல் கூலி வாங்குபவர் சிறைக்குப் போகும் சட்டத்தைப் படிப்பது விசித்திரமாகவே இருக்கிறது.

1869இல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் தோன்றி, சில ஆண்டுகளில் அங்கே காப்பித் தொழிலையே அழித்தது. முதலாளிகள் தேயிலைக்கு மாறினார்கள். தென்னிந்தியத் தோட்டங்களும் ஜாவாவும் அதே நோயால் அடிபட்டன. சேர்வராயன் மலையில் காப்பி முழுதாக மறையவில்லை, தாக்குப்பிடித்து நின்றது.

சுதந்திரத்திற்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. அது ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தோட்டங்களுக்கே பொருந்தியது. 1981இன் திருத்தத்திற்குப் பின் அந்த அளவு ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளர்களுமாக இருந்தது. தோட்டம் துண்டாகத் துண்டாக, சட்டத்தின் எல்லைக்குள் வந்த தொழிலாளர்களும் குறைந்தார்கள். நில உச்சவரம்பைப் பொறுத்தவரை, 1961ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சமவெளியில் ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்திற்கு வரம்பு கட்டியது. ஏற்கனவே இருந்த தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. நிலச் சீர்திருத்தம் மலையடிவாரத்தில் நின்றுவிட்டது என்று சொல்லலாம்.

மலையாளி மக்கள் இந்த ஒன்றரை நூற்றாண்டில் சும்மா இருந்துவிடவில்லை. தங்களிடம் மிஞ்சிய சிறு நிலங்களில் அவர்களும் காப்பியும் மிளகும் பலாவும் வளர்க்கிறார்கள். காப்பி வாரியம் 1942 முதல் விளைச்சல் முழுவதையும் தானே வாங்கிப் பொதுவில் விற்று வந்தது. 1996இல் அந்த முறை முழுமையாக முடிவுக்கு வந்தது. சந்தை திறந்த சில ஆண்டுகளில், 2000ஐ ஒட்டி, உலக விலை சரிந்தபோது சிறு விவசாயிக்கு விழுந்த அடி பெரிய தோட்டத்திற்கு விழுந்ததைவிடக் கனமானது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. ஹரீம் என்று நம் நூல்கள் சொல்வதற்கு இந்திய சட்டத்தில் மிக நெருங்கியது அதுவே. தனிப்பட்டா மட்டுமன்றி, மேய்ச்சலுக்கும் சிறு வனப்பொருளுக்கும் ஊர் முழுவதற்கும் சமூக உரிமையை அது ஏற்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால ஆணையால் அது பல ஆண்டுகள் தடைபட்டு, 2016க்குப் பிறகே வழி திறந்தது.

இப்போது நம் கையில் இருப்பது

இன்று மலைக்கு வரும் நெருக்கடி காப்பியால் வருவதல்ல. காப்பித் தோட்டத்தில் குறைந்தபட்சம் மரம் நிற்கிறது, ஊற்று வற்றாமல் இருக்கிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் வாணியாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. சேலத்திலும் தர்மபுரியிலும் உள்ள வயல்களுக்குப் போகும் நீர் அது. தோட்டங்கள் மனைகளாகவும் விடுதிகளாகவும் பிரியும்போது மரமும் போகிறது, ஊற்றும் போகிறது. மலையுச்சியில் பாக்சைட் தோண்டிய தழும்புகளை நாமே பார்த்திருக்கிறோம்.

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த ஹலாலான பணத்தில் ஏற்காட்டில் ஒரு மனை வாங்கலாமா, வீடு கட்டி வாடகைக்கு விடலாமா என்று நம்மிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற கருத்திலான எச்சரிக்கையை நாம் அறிவோம். ஆகவே, வாங்கவே கூடாது என்று சொல்லாமல், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லுகிறோம். பத்திரமும் வில்லங்கச் சான்றும் போதாது. பழங்குடியினருக்கு நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலம் கைமாறி வந்ததா என்று தாய்ப் பட்டாவரை பின்னோக்கிப் பாருங்கள். மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அனுமதி உள்ளதா என்று கேளுங்கள். பிறகு தரகர் இல்லாமல் ஒருநாள் தனியாகப் போய், அந்த இடத்திற்கு மிக அருகில் உள்ள மலையாளி ஊரில் வயது முதிர்ந்த ஒருவரைச் சந்தியுங்கள். உங்கள் ஊர் மாடு எங்கே மேய்ந்தது, தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து எடுத்தீர்கள், மயானத்துக்குப் போகும் பாதை எது என்று கேளுங்கள். அவர் கைகாட்டும் இடத்திற்குள் நீங்கள் வாங்கப்போகும் மனை விழுகிறதா என்பதை அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.